டைம் அவுட்டில் கத்திவிட்டேன்: ஒரு வாலிபால் பயிற்சியாளருக்கு விளையாட்டு உளவியலாளரின் பதில்

கேள்வி:

தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வயது 41. பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவியர் வாலிபால் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சென்ற மாதம் மாவட்ட இறுதிப் போட்டி. முதல் இரண்டு செட்டும் ஆளுக்கொன்று. இந்த வருஷம் கத்தக் கூடாது என்று முடிவெடுத்திருந்ததால் அந்த இரண்டு செட்டிலும் வாயே திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது செட்டில் 13-11 என்று முன்னால் இருந்தோம். எங்கள் செட்டர் (அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) அடுத்தடுத்து இரண்டு முறை இடது ஓரத்துக்கே பந்தைத் தூக்கினாள். இரண்டையும் எதிரணி நெட்டிலேயே தடுத்து பிளாக் செய்துவிட்டது. 13-13. டைம் அவுட் கேட்டேன். "தலையில மூளை இருக்கா இல்லையா? நீயெல்லாம் எதுக்கு கிரவுண்டுக்கு வர்ற?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, கையிலிருந்த, குறிப்பெழுதும் பேடைத் தரையில் அடித்தேன். அடுத்த பந்தில் அவள் டபுள் டச் (ஒரே ஆள் பந்தை அடுத்தடுத்து இரண்டு முறை தொடும் தவறு) செய்தாள். 15-13ல் தோற்றோம். அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாநில அளவில் ஆடியிருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல கல்லூரி கிடைத்திருக்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. "நீங்க இன்னும் கோர்ட்லதான் இருக்கீங்க" என்கிறாள் மனைவி. எங்கள் மாஸ்டர் எங்களை அடித்துத்தான் வளர்த்தார், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். கோபத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்கள். இல்லை, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையா?

பதில்:

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

கோபத்தை அடக்க வழி கேட்கிறீர்கள். அதைத்தான் இரண்டு செட் முழுக்கச் செய்து பார்த்துவிட்டீர்களே. முதல் செட்டில் இரண்டு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட மூன்றாவது செட்டில் பேடு தரையில் விழுந்திருக்காது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார். மனதைக் கலங்கடிக்கும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டி, ஒரு பிரிவினரிடம் மட்டும் உணர்ச்சி முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உடலுக்குள் இருந்த பதற்றம் குறையவில்லை, சில அளவீடுகளில் கூடவும் செய்தது. அடுத்து நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிய வந்தது. முகத்தைக் கட்டிப்போட்டவர்களுக்கு அந்த நேரத்தில் பார்த்ததும் கேட்டதும் சரியாக நினைவில் நிற்கவில்லை. முகத்தைக் காப்பாற்றுவதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது.

இதை உங்கள் ஆட்டத்தோடு வைத்துப் பாருங்கள். எதிரணியின் நடு பிளாக்கர் எந்தக் கட்டத்தில் உங்கள் இடது ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தாள்? 13-11க்கு முன்பேயா, இல்லை முதல் பிளாக்குக்குப் பிறகா? உங்களால் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆளால் அதைப் பார்த்திருக்க முடியாது. பெஞ்சிலிருந்து பார்க்க வேண்டியது தவறிப்போனது. அதற்கான திட்டு, நெட்டுக்கு முன்னால் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தை முகத்தில் மறைத்தால் போதும் என்ற எண்ணம் உங்களை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்காக, மறைக்காமல் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றும் கிடையாது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002ல் ஒரு சோதனை செய்தார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பிரிவினரைக் கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். குத்தியவர்களைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது. பேடைத் தரையில் அடித்ததில் உங்கள் கோபமும் ஒரு துளி குறைந்திருக்காது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? கோபம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் என்ன வந்தது என்று பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா, ஸ்போர்ட்ஸ் கோட்டா, நல்ல கல்லூரி. 13-11ல் இரண்டு புள்ளிதான் பாக்கி. அந்தப் பெண்ணின் எதிர்காலம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அடுத்த இரண்டு பந்தில் அது நழுவுவதைப் பார்த்துப் பயந்துபோனீர்கள். பயிற்சியாளர்களின் கோபத்தில் பெரும்பகுதி பயம்தான். பிள்ளைகளுக்காக ஒரு பயம். தலைமை ஆசிரியர் என்ன சொல்வார், மற்ற பள்ளி மாஸ்டர்கள் என்ன பேசுவார்கள் என்று தனக்காக ஒரு பயம். இரண்டும் இயல்பானவை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பயந்த முகத்தோடு நிற்க நம் ஊரில் எந்தக் கோச்சுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபித்த முகத்தோடு நிற்க எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் பயம் வந்ததுமே கோபமாக மாறிவிடுகிறது, உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே.

இங்கே ஒரு சின்ன விஷயம் உதவும். கலிஃபோர்னியாவில் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சி இன்னதென்று சொல்லால் குறிப்பிட்டவர்களின் மூளையில், அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் வேகம் தணிந்தது. அடுத்த ஆட்டத்தில் நெஞ்சு இறுகும்போது, "கோபம் வருது" என்பதற்கு முன்னால், "பயமா இருக்கு, இந்த செட் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று மனதுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவையே வேலை செய்யாது. பயிற்சி ஆட்டங்களில் பழகுங்கள்.

இப்போது அந்தப் பெண். இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் தூக்கத்தைவிட இது முக்கியம்.

அவள் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். அவளுக்குப் பிடித்த ஓர் ஆசிரியையை அழைத்துக்கொண்டு, பெற்றோர் இருவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அங்கே சொல்ல வேண்டியது நாலு வாக்கியம். "அன்னைக்கு டைம் அவுட்ல நான் பேசினது தப்பு. உன்னை அப்படிப் பேச எனக்கு உரிமை கிடையாது. மேட்ச் உன்னால தோற்கலை. நீ எப்ப வரணும்னு நினைக்கிறியோ அப்ப வா." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும் கொஞ்சம்..." என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். "உன் நல்லதுக்குத்தான் கத்தினேன்" என்பதும் வேண்டாம், அது உண்மையாகவே இருந்தாலும் சரி. "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்று அவள் வாயிலிருந்து வரவழைக்கவும் கூடாது. பெற்றோர் சங்கடப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் பரவாயில்லைங்க சார், வாத்தியார் திட்டாம யார் திட்டுவா" என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடாதீர்கள். "இல்லைங்க, நான் பேசினது தப்புதான்" என்று அவர்களிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் இதையே அணியின் முன்னாலும் சொல்ல வேண்டும். அவமானம் பதினொரு பேர் பார்க்க நடந்தது, திருத்தம் மட்டும் நடுவீட்டில் ரகசியமாக நடந்தால் மற்ற பிள்ளைகளுக்கு அது போய்ச் சேராது. மாஸ்டர் இறங்கிப்போனால் மரியாதை போய்விடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் பார்த்தவரை அப்படி எங்கும் நடக்கவில்லை. தவறு செய்தால் இங்கே சொல்லலாம், ஒன்றும் ஆகாது என்ற தைரியம்தான் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. செட்டராக ஆடும் பெண்ணுக்கு அந்தத் தைரியம் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பந்திலும் முடிவெடுக்கிற இடம் அது. பெஞ்சைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஆடுகிற செட்டர், பயமில்லாத இடத்துக்கே பந்தைக் கொடுப்பாள். யோசித்துப் பாருங்கள், 13-11ல் அவள் இரண்டு முறையும் இடது ஓரத்துக்குக் கொடுத்ததன் காரணம் அதுவாகவும் இருக்கலாம். இரண்டு செட்டாக உங்கள் முகம் கல்லாக இருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அவள் திரும்பி வரவே இல்லையென்றால்? அதுவும் நடக்கலாம். அப்படியானால் அது அவள் முடிவு. உடன் ஆடும் பிள்ளைகளைத் தூது அனுப்பி நெருக்காதீர்கள்.

டைம் அவுட்டுக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாத விதி இல்லை, ஒரு செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் முப்பது விநாடி. பிள்ளைகள் ஓடிவந்து தண்ணீரைக் குடித்து நிமிரவே பத்து விநாடி போய்விடும். அந்தப் பத்து விநாடி உங்களுடையது. பேசாதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு மூச்சுக்கு நேரம் இருக்கும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பை இறக்கும். இது நம்பிக்கை சார்ந்த விஷயம் அல்ல, உடலின் அமைப்பே அப்படி. அதற்குப் பிறகு ஒரே ஒரு செய்தி: யாருக்கு, எங்கே. "அவங்க பிளாக் நம்ம இடது பக்கம் வந்துடுச்சு. அடுத்த பால் நடுவுல." அவ்வளவுதான். பதற்றத்தில் இருக்கிற பதினாறு வயதுப் பிள்ளையின் காதில் ஒரு செய்திதான் ஏறும். மூன்று சொன்னால் ஒன்றும் ஏறாது. கத்திச் சொன்னால், கத்தியது மட்டும்தான் ஏறும். அடுத்த பந்தில் அந்த டபுள் டச் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? பந்தைப் பக்குவமாக வாங்கி விடுவதற்கு விரல்கள் இளகி இருக்க வேண்டும். சற்று முன்புதான் திட்டு வாங்கிய பெண்ணின் கையில் அந்த இளக்கம் இருக்காது.

ஆட்டத்தின் நடுவில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி எல்லாம் முந்தின நாளே செய்ய வேண்டிய வேலை. எந்தெந்த நேரத்தில் உங்களுக்குக் கட்டுப்பாடு போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு சர்வீஸ் நெட்டில் அடிப்பது, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நடுவர் தப்பாகச் சொல்வது, முன்னணியில் இருந்துவிட்டு நழுவ விடுவது என்று உங்களுக்கு மூன்று நான்கு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்போது என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். நடுவர் விஷயம் என்றால், "கேப்டன் மட்டும் போய்க் கேட்பாள், நான் பெஞ்சை விட்டு எழ மாட்டேன்" என்று. (சிவப்பு அட்டை வாங்கினால் எதிரணிக்கு ஒரு புள்ளி இனாமாகப் போகும். 13-13ல் அதற்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) சும்மா உட்கார்ந்திருக்காமல் கைக்கு ஒரு வேலையும் கொடுங்கள். செட்டர் எந்த இடத்துக்கு எத்தனை பந்து கொடுத்தாள், அதில் எத்தனை புள்ளியானது என்று அந்தப் பேடில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கவனம் ஸ்கோர் போர்டிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பும். டைம் அவுட்டில் சொல்வதற்கு விஷயமும் கையில் இருக்கும்.

இனி, உங்கள் மாஸ்டர் அடித்து வளர்த்த கதை. அவர் மீது உங்களுக்குள்ள பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் அடி வாங்கியவர்களில் நன்றாக இருப்பவர்களைத்தான் நீங்கள் இன்றும் சந்திக்கிறீர்கள். அடிக்குப் பயந்து இரண்டாம் வாரமே நின்றுபோனவர்கள் உங்கள் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் என்ற இரு உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் அணிகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். தவறு செய்த பிள்ளையைத் திட்டாமல் ஊக்கம் கொடுத்து, அடுத்து என்ன செய்வது என்று சொல்லித்தரப் பயிற்சியாளர்களைப் பழக்கினார்கள். 1992ல் வெளியான ஆய்வில், அப்படிப் பழகிய பயிற்சியாளர்களின் பிள்ளைகளில் அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டுப் போனவர்கள் 5 சதவீதம். பழகாதவர்களிடம் 26 சதவீதம். இரு தரப்புக்கும் வெற்றி தோல்வியில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் கிராமங்களில் ஒரு பெண் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கிரவுண்டுக்கு வருவதே பெரிய பாடு. வீட்டிலும் தெருவிலும் எத்தனை பேரைச் சமாளித்துவிட்டு அவள் வருகிறாள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது.

அப்படியானால் கோச் கோபமே படக் கூடாதா என்று கேட்பீர்கள். படலாம். கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வுடன் என்ற பயிற்சியாளரின் கீழ் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை அமெரிக்க சாம்பியன் ஆனது. அவருடைய கடைசி சீசனில் இரண்டு ஆய்வாளர்கள் பயிற்சி நேரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் தேறியது. பாராட்டு 7 சதவீதத்தைத் தொடவில்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அவ்வளவே. முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். அவரும் கடிந்துகொண்டார். ஆனால் கடிந்துகொண்ட கையோடு சரியானதைச் செய்து காட்டினார். சோம்பலுக்கும் அலட்சியத்துக்கும் குரலை உயர்த்துங்கள், அதுவும் மொத்த அணியிடம். முயன்று செய்த தவறுக்கு வேண்டாம். ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி எப்போதும் வேண்டாம்.

கோபம் வருகிறதே என்பதற்காக லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ராகுல் திராவிட்டைவிட நிதானமான ஆளைச் சொல்லுங்கள் பார்ப்போம். 2014 ஐபிஎல்லில் அவர் வழிகாட்டியாக இருந்த ராஜஸ்தான் அணி மும்பையிடம் கடைசி நேரத்தில் தோற்று வெளியேறியபோது, தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். அதே மனிதர் பத்து ஆண்டு கழித்து, 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குப் பிறகு கோப்பையைக் கையில் வாங்கிக் குழந்தையைப் போல் கத்தியதையும் பார்த்தோம். பயிற்சியாளருக்கு உணர்ச்சி இருக்கத்தான் செய்யும். தொப்பியை எறிந்தாலும், அவர் எந்த வீரரையும் கை நீட்டி அவமானப்படுத்தவில்லை.

ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நீளமான கடிதத்தில் நீங்கள் சந்தோஷப்பட்ட ஓர் இடம்கூட இல்லையே, ஏன்? மாவட்ட இறுதிக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு செட் ஜெயித்திருக்கிறீர்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தீர்களா? கோபத்தோடு சேர்த்துச் சந்தோஷத்தையும் மூடி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து கிடைப்பது ஏமாற்றம் மட்டும்தான். நல்ல பாஸுக்குக் கை தட்டுங்கள், சத்தமாக. அதற்கு எந்தத் தடையும் இல்லை.

வீட்டு விஷயம். தோற்ற அன்று அணிக் கூட்டம் போடாதீர்கள். "நாளைக்குப் பேசலாம், போய்ச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டு, மைதானத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் மௌனமாக இருந்தால் உங்கள் மனைவி தன்மீதுதான் கோபம் என்று நினைப்பார். "இன்னைக்குத் தோத்துட்டோம், மனசு சரியில்ல, சாப்ட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை போதும். இரவில் ஆட்டம் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடினால் எழுதிவிடுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர். அவர் முறை எளிது. நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் யாருக்கும் காட்டாமல் எழுத வேண்டும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்.

உங்களைப் போன்றவர்களின் தனிமையையும் நான் அறிவேன். விளையாட்டுப் பாட வேளையைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். காலை வழிபாட்டுக்கு வரிசை நிறுத்துவது, வகுப்பில் சத்தம் அடக்குவது எல்லாம் உங்கள் தலையில். ஜெயித்தால் பள்ளிக்குப் பெயர், தோற்றால் பி.டி. மாஸ்டர் சரியில்லை. பக்கத்து ஊர் மாஸ்டர்களில் மனம் விட்டுப் பேசக்கூடிய ஒருவர் இருந்தால் மாதம் ஒருமுறை டீ குடிக்கவாவது சந்தியுங்கள். எதிரணி கோச்சாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் சொல்வது அவருக்குத்தான் உடனே புரியும்.

தூக்கமின்மை ஒரு மாதத்தைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது. மேலே சொன்னவற்றைச் செய்தும் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லையென்றாலோ, தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் வலி வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மனம் தாங்க முடியாத இரவில் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

முதலில் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். அவள் திரும்பி வந்தால் முதல் நாளே செட்டர் இடத்திலேயே ஆட விடுங்கள். தனிச் சலுகை வேண்டாம், கூட்டத்தைக் கூட்டி வரவேற்பும் வேண்டாம். தனியாக உட்கார்ந்து, "அந்த ரெண்டு பால்ல நீ என்ன யோசிச்ச?" என்று அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.